அப்பாருவின் கண்ணுக்கு ஐலியாவா, அவாஸ்டினா?

"ஏங் கண்ணு, வாசக்கால் எதுக்கு வளைஞ்சு நிக்குது?" என்று அப்பாரு கேட்ட அன்றைக்கே கோபியிலிருந்து கோவைக்குக் கூட்டிப்போயிருக்க வேண்டும். கண்புரைதான் என்று மூன்று வாரம் விட்டுவிட்டோம். புரையில் பார்வை மொத்தமாக மங்கும். நேர்க்கோடு நெளிந்தாலோ, எதிரே நிற்பவர் முகத்தில் நடுவில் மட்டும் கறை விழுந்தாலோ விழித்திரையின் மையமான மாக்குலாவைப் பார்க்க வேண்டும். மாக்குலா சிதைவுக்கு வயதும் பரம்பரையும் முக்கியக் காரணங்கள்; புகை அதை இன்னும் கூட்டும். அப்பாரு ஐம்பது வருஷம் பீடி குடித்தவர்.

இந்த நோயில் உலர் வகை, ஈர வகை என்று இரண்டு உண்டு. உலர் வகைக்கு ஐலியா, அவாஸ்டின் என்ற கண் ஊசிகளால் பயனில்லை. அப்பாருவுக்கு ஈர வகை. விழித்திரைக்கு அடியில் புது ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசியும். அவற்றைத் தூண்டும் புரதத்தை ஊசி மருந்து கட்டிப்போடும்.

முதலில் ஐலியா போட்டோம். மாதம் ஒன்றாக மூன்று, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கு. அலைச்சல் குறைவு, அது பெரிய வசதிதான். ஆனால் இரண்டு ஊசியோடு கைக்காசு தீர்ந்தது. மஞ்சள் விலை ஏறட்டும், விற்றுவிட்டுப் போகலாம் என்று தள்ளிப்போட்டோம். மறுபடி கசிந்துவிட்டது. எழுத்து அட்டையில் இரண்டு வரி போனது, அது திரும்பவில்லை. கசிந்த இடம் தழும்பாகிவிட்டால் எந்த மருந்தும் மீட்காது.

அதனால்தான் என் ஓட்டு அவாஸ்டினுக்கு. இது 2004இல் குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற மருந்து. கண்ணுக்கென்றே வந்த லூசென்டிஸ் ஊசியோடு வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2011இல் வெளியானது. ஒரு வருட முடிவில் பார்வை இரண்டிலும் ஒரே அளவுதான். விலையோ பல மடங்கு குறைவு. இந்த வைத்தியம் வருஷக்கணக்கில் ஓடும். ஒரு முறைகூட விடாமல் கட்ட முடிகிற தொகை எதுவோ, அதைத்தான் முதல் நாளே கணக்குப் போட வேண்டும். அவாஸ்டினுக்கு மாறி, முதலில் மாதாமாதம் போட்டோம். விழித்திரையைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில் நீர் வற்றியதைப் பார்த்து இப்போது எட்டு வாரத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள்.

குறை ஒன்று உண்டு. ஒரு குப்பியைப் பலருக்குப் பிரித்துப் போடுவார்கள். அதில் சுத்தம் தவறினால் கண்ணுக்குள் கிருமி போகும். பிரிப்பது எங்கே, எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐலியாவை நாங்கள் இரண்டோடு நிறுத்தியதால் நெடுநாள் பலனைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. அவாஸ்டினுக்கு அடங்காத கண்ணுக்கு டாக்டர்கள் ஐலியாவுக்கு மாற்றுவதுண்டு. காசுக்குத் தடையில்லாதவர்கள் தாராளமாக அதிலேயே தொடரலாம்.

ஊசிக்குப் பயப்பட வேண்டாம். மரக்க வைத்துத்தான் போடுகிறார்கள். "எறும்பு கடிச்சாப்ல இருந்துச்சு சாமி" என்றார் அப்பாரு. ஒரு நாள் கருப்புக் குமிழி ஒன்று மிதந்தது, தானாகப் போய்விட்டது. ஆனால் ஊசி போட்ட சில நாளில் கண் சிவந்து வலித்தாலோ, பார்வை மங்கினாலோ அடுத்த தவணைக்குக் காத்திராமல் அன்றைக்கே வண்டி ஏறுங்கள்.