காளி நதியில் கயாக்: முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படியுங்கள்

கர்நாடகாவில் தாண்டேலி பக்கம் கயாக் (துடுப்பு போட்டு ஓட்டும் சின்னப் படகு) ஓட்டப் போகலாம் என்று வாட்ஸ்அப்பில் யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கிறீர்களா? பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஜனவரி கடைசி வாரம் ஓசூரிலிருந்து நாங்கள் ஆறு பேர் போனோம். நான், என் மனைவி, தம்பி, தம்பி மனைவி, அக்கா, அக்காவின் பதினான்கு வயது மகன். ஆறு பேரும் வீடு வந்து சேர்ந்துவிட்டோம். ஆனால் தம்பி மனைவி ஆற்று நடுவில் ஒரு புதரில் சிக்கி மூச்சுக்குத் தவித்ததை நான் கரை ஒதுங்க முடியாத இடத்திலிருந்து பார்த்தேன். அதற்கு ஆற்றின் மேல் பழி போட முடியாது.

ஏற்பாட்டாளர் தமிழில் பேசினார். "அண்ணா, நம்ம ஊர் ஆளுங்களுக்கு நான் தனியா கவனிச்சுக் கொடுப்பேன்" என்றார். தலைக்கு 1,800 ரூபாய், ஆறு பேருக்கு 10,800. பாதியை யுபிஐயில் முன்பணமாக அனுப்பச் சொன்னார், அனுப்பினோம். எட்டு கிலோமீட்டர் பயணம், மூன்று இரட்டை இருக்கைக் கயாக், கூடவே பயிற்சி பெற்ற இரண்டு கைடு, எல்லோருக்கும் ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட் என்று எழுத்திலேயே அனுப்பினார். படங்களும் வந்தன. ஆரஞ்சு நிற ஹெல்மெட், பச்சைத் தண்ணீர், பின்னால் வெள்ளை மணல் கரை.

ஹுப்பள்ளியில் ரயில் இறங்கி, கார் பிடித்து கணேஷ்குடி போய்ச் சேர்ந்தோம். காலை ஒன்பதுக்கு ஆரம்பம் என்றவர்கள் எங்களை ஆற்றில் இறக்கியது பதினொன்றரைக்கு. இரண்டு கைடு என்றார்கள், வந்தது ஒருவன். இருபது வயதுகூட இருக்காது. நல்ல பையன், அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஹெல்மெட் கேட்டதற்கு, "ராஃப்டிங்குக்குத்தான் சார் ஹெல்மெட், கயாக்குக்கு வேண்டாம், தண்ணி இடுப்பளவுதான்" என்று அங்கிருந்த மேற்பார்வையாளர் சொன்னார். ராஃப்டிங் என்றால் காற்றடைத்த ரப்பர் படகில் கூட்டமாகப் போவது. தம்பி மனைவிக்குக் கொடுத்த ஜாக்கெட்டில் மார்புக் கொக்கி உடைந்திருந்தது. பிளாஸ்டிக் கயிற்றால் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்கள். மீதிப் பணத்தை வாங்கிய கையோடு ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். எது நடந்தாலும் அதற்குப் பயணிகளான நாங்களேதான் பொறுப்பு என்று அதில் இருந்தது. அவ்வளவு தூரம் வந்தாயிற்று, பிள்ளை ஆசையாக நிற்கிறான் என்று நான் கையெழுத்துப் போட்டேன். அந்த இடத்திலேயே திரும்பியிருக்க வேண்டும்.

இங்கேதான் முக்கியமான விஷயம். கணேஷ்குடிக்கு மேலே சூபா அணை இருக்கிறது. 101 மீட்டர் உயரம், அடியில் மின்நிலையம், 50 மெகாவாட் இயந்திரம் இரண்டு. மின்சாரத் தேவைக்குத் தக்கபடி அவை ஓடும். ஓடாதபோது ஆற்றில் பாறை தெரியும், ஓட ஆரம்பித்தால் அதே ஆறு வேறு ஆறாகிவிடும். மழையே தேவையில்லை. வானம் வெளுத்துக் கிடக்கும்போதே மட்டம் ஏறும். ராஃப்டிங் நடத்துகிறவர்கள் எல்லோரும் அந்தத் தண்ணீரை எதிர்பார்த்துத்தான் நேரம் குறிக்கிறார்கள். எங்களை இறக்கியவருக்கும் அது தெரியாமல் இருக்க வழியில்லை.

எங்களுக்கு ஆறு என்றால் ஒகேனக்கல். நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி என்று பேப்பரில் வரும், அதிகமானால் மாவட்ட நிர்வாகம் பரிசல் ஓட்டத் தடை போட்டுவிடும். அந்தப் பழக்கத்தில், ஆபத்து என்றால் இங்கேயும் யாராவது தடுப்பார்கள் என்று நினைத்துவிட்டோம். யாரும் தடுக்கவில்லை.

இறங்கி அரை மணி நேரம் சுகமாகத்தான் போனது. அப்புறம் துடுப்பு போடாமலேயே படகு ஓட ஆரம்பித்தது. கரைக் கல்லில் ஈரக்கோடு மறைந்து தண்ணீர் மேலே ஏறியிருந்தது. கைடு பையன் திரும்பிப் பார்த்து "இடது, இடது" என்று கத்தினான். அந்தப் பகுதியில் ஆற்றுக்குள்ளேயே சின்னச் சின்னத் திட்டுகளும் அவற்றில் புதரும் மரமும் இருக்கின்றன. தண்ணீர் குறைவாக இருக்கும்போது அவை அழகான தீவு. மட்டம் ஏறினால் கிளைகள் ஓட்டத்துக்குள் வந்துவிடும். டீ வடிகட்டியில் தண்ணீர் இறங்கிவிடும், தூள் நின்றுவிடும் இல்லையா, அதேதான். ஆறு கிளைகளுக்குள் புகுந்து போய்விடும், ஆளும் படகும் போக முடியாது. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. கையால் தள்ளி விலகிவிடலாம் என்பதெல்லாம் நடக்காது.

தம்பியின் படகு பக்கவாட்டில் திரும்பிப் புதரில் மோதியது. தம்பி கிளையைப் பிடித்து மேலே தொற்றிவிட்டான். அவன் மனைவி தண்ணீரில் விழுந்தாள். அந்தக் கயிற்று முடிச்சு அவிழ்ந்து, ஜாக்கெட் உடம்பை விட்டு மேலே ஏறி முகத்தை மூடியது. மிதக்க வைக்க வேண்டிய பொருளே மூச்சை அடைத்தது. எங்கள் படகுகளை ஆறு கீழே இழுத்துக்கொண்டு போகிறது, எதிர்த்துத் துடுப்புப் போட்டுப் பயனில்லை. கைடு பையன் படகை விட்டுக் குதித்து நீந்திப் போய் அவள் தலையைத் தூக்கிப் பிடித்தான். அவனிடம் கயிறு இல்லை. தண்ணீரில் தவிப்பவரை இழுக்க எறியும் கயிறு வைத்த பை, அந்த எறிகயிற்றுப் பை ஒன்றுகூட அந்த ஏற்பாட்டில் கிடையாது.

பின்னால் வேறொரு குழுவின் ராஃப்ட் வந்தது எங்கள் அதிர்ஷ்டம். அதன் கைடு ஒரே எறியில் கயிற்றைச் சரியாக அவர்கள் மேல் போட்டார். இரண்டு பேரையும் இழுத்துப் பாறையில் ஏற்றினார்கள். அவர் எங்களைக் கேட்ட முதல் கேள்வி: "இந்த நேரத்துக்குத் தண்ணி திறப்பாங்கன்னு உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

கவிழ்ந்தால் என்ன செய்வது என்றுகூட எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர்தான் பாறையில் உட்கார வைத்துச் சொன்னார். மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் திசையில் நீட்டி, பாதம் மேலே தெரிய மிதக்க வேண்டும். ஓடுகிற தண்ணீரில் எழுந்து நிற்க முயலக் கூடாது, பாறை இடுக்கில் கால் மாட்டினால் ஓட்டம் ஆளை முன்னால் சாய்த்து அமுக்கிவிடும். மரமோ புதரோ எதிரில் வந்தால் மட்டும் மிதக்காமல் குப்புறத் திரும்பி விலகி நீந்த வேண்டும், முடியாவிட்டால் கிளை மேல் ஏறப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடப் பேச்சு இது. 10,800 ரூபாயில் எங்களுக்கு இது கிடைக்கவில்லை.

ஜாக்கெட்டையும் அவரே காட்டினார். எல்லாக் கொக்கியும் மாட்டி இறுக்கியபின் இன்னொருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்க வேண்டும். காதுவரை ஏறிவந்தால் அது உங்கள் ஜாக்கெட் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குக் கால் இடுக்கில் போகும் பட்டி வேண்டும்.

மாலையில் ஏற்பாட்டாளருக்குப் போன் செய்தேன். பணத்தைத் திருப்பித் தர முடியாது, கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்றார். குரல் உயர்ந்தபின், சமாதானமாக, தாண்டேலி ஊர்ப்பக்கம் அமைதியான தண்ணீரில் இலவசமாக ஒரு சுற்று தருகிறேன் என்றார். நாங்கள் தங்கியிருந்த வீட்டு அம்மா அதைக் கேட்டுப் பதறிப்போனார். ஊரை ஒட்டி ஓடும் காளியில் முதலைகள் இருக்கின்றன, எந்த இடம் என்று தெரியாமல் இறங்காதீர்கள் என்றார். அமைதியான தண்ணீர் என்றால் பாதுகாப்பான தண்ணீர் என்று நாங்களும் நினைத்துத்தான் இருப்போம்.

பெயர் எழுதவில்லை. ஒரு ஆளை விட்டுவிட்டு இன்னொருவரிடம் போனால் மட்டும் ஆபத்து தீராது. போனிலேயே கேளுங்கள்: அன்றைக்கு அணையில் எத்தனை மணிக்குத் தண்ணீர் திறக்கிறார்கள், அது தெரியாமல் படகை இறக்குவீர்களா? கூட வருபவர் எத்தனை பேர், அவர் கையில் எறிகயிறு இருக்குமா? எங்கே இறங்கி எங்கே ஏறுகிறோம்? பதிலில் "பயப்படாதீங்க" என்ற சொல் மட்டும் இருந்தால் பணம் அனுப்பாதீர்கள். அவர் சொன்னதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள், போன இடத்தில் உடைந்த கொக்கி இருந்தால் படம் எடுங்கள். எங்களிடம் வாட்ஸ்அப் பேச்சும் யுபிஐ ரசீதும் இருந்ததால்தான் அடுத்த அடி எடுத்து வைக்க முடிந்தது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கர்நாடகாவுக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத் தாள்களைத் தயார் செய்துகொண்டிருக்கிறோம். அந்த உடைந்த கொக்கியைத்தான் நான் படம் எடுக்கவில்லை. அக்கா மகன் எடுத்த ஒரு படத்தில், ஓரத்தில், அந்தக் கயிற்று முடிச்சு தெரிகிறது.

ஏற்பாட்டாளரின் ஸ்டேட்டஸை நேற்றும் பார்த்தேன். அதே ஆரஞ்சு ஹெல்மெட், அதே வெள்ளை மணல் கரை. நாங்கள் போன எட்டு கிலோமீட்டரில் பாறையும் காடும்தான் இருந்தன, மணல் கரை என்று ஒன்றையும் பார்க்கவில்லை. அந்தப் படம் உங்களுக்கு வந்தால், இது எந்த ஆறு என்று கேளுங்கள்.