வம்பனும் கோபக்காரனும்: தொழில்நுட்ப விவாதங்களை மட்டுறுத்தும் முறைகள், ஓர் ஒப்பீட்டு அலசல்

1992 ஜனவரி 29 அன்று யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதப் பலகையின் மினிக்ஸ் செய்திக்குழுவில், மினிக்ஸ் இயங்குதளத்தை எழுதிய பேராசிரியர் ஆண்ட்ரூ டனன்பாம் "லினக்ஸ் காலாவதியானது" என்ற தலைப்பில் ஒரு மடல் இட்டார். லினக்ஸை வெளியிட்டு ஓராண்டுகூட ஆகியிராத 22 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்குச் சூடாகப் பதில் எழுதினார். மினிக்ஸின் குறைகளை அடுக்கியதோடு நில்லாமல், பேராசிரியரின் பதவியையே இழுத்துக் குத்திப் பேசினார். பின்னர் தன் தொனிக்காக மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலை ஒரே பாளமாக எழுதுவதா, சிறு சிறு பகுதிகளாகப் பிரிப்பதா என்ற அந்த வாதத்தை இயங்குதளம் பயில்பவர்கள் இன்றும் தேடி வாசிக்கிறார்கள்.

எந்தப் பின்னூட்டத்தை வைப்பது, எதை ஒதுக்குவது என்று தீர்மானிக்கும் ஒரு மட்டுறுத்தல் முறை நல்லதா என்று உரசிப் பார்க்க நான் வைத்திருக்கும் உரைகல் அந்தப் பதில் மடல்தான். கெட்ட வார்த்தையில் திட்டுபவரையும் விளம்பரம் ஒட்டுபவரையும் எல்லா முறைகளும் எப்படியாவது பிடித்துவிடுகின்றன என்பதால், அவர்களை வைத்து முறைகளை ஒப்பிடுவதில் பயனில்லை. மூன்று வகைப் பின்னூட்டங்களில்தான் முறைகளின் தரம் வெளிப்படும். முதலாவது கோபக்கார நிபுணருடையது: தொனி மோசம், செய்தி சரி. இரண்டாவது பணிவான வம்பனுடையது: "தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்" என்று தொடங்கி, ஏற்கெனவே பதில் சொல்லப்பட்ட கேள்வியையே பத்தாவது முறையாகக் கேட்டு, எதிரில் இருப்பவர் பொறுமையிழக்கும்வரை விடாதது. மூன்றாவது கைதட்டலுக்காக எழுதப்படுவது: கூட்டத்துக்குப் பிடித்த நிறுவனத்தைப் புகழ்ந்தோ, பிடிக்காத நிறுவனத்தை நக்கலடித்தோ விழும் ஒற்றை வரி. முதலாவதைத் தொனி திருத்தி வைத்துக்கொள்ள வேண்டும்; இரண்டாவதை நிறுத்த வேண்டும்; மூன்றாவது கீழே போனால் போதும்.

மிகப் பழைய முறை, வடிகட்டும் வேலையை வாசகரிடமே விட்டுவிடுவது. லாரி வால் 1984இல் எழுதிய ஆர்என் என்ற யூஸ்நெட் வாசிப்பு நிரலில் ஒருவருடைய மடல்களையோ ஒரு தலைப்பையோ கண்ணில் படாமல் செய்யும் கோப்பு ஒன்று இருந்தது. அதில் யாருடைய கருத்துச் சுதந்திரமும் பறிபோகவில்லை. ஆனால் அந்தக் கோப்பைப் பல மாதங்கள் வளர்த்துவைத்திருக்கும் பழைய வாசகருக்குத்தான் அமைதி கிடைத்தது. புதிதாக வருபவர் குப்பை முழுவதையும் பார்த்தார். அதிலும், வம்பனுக்குப் பதில் சொல்பவர்கள் அவனுடைய வரிகளை மேற்கோள் காட்டியதால், ஒதுக்கிவைத்தவன் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துகொண்டே இருந்தான். முன்பெல்லாம் ஆண்டுதோறும் செப்டம்பரில்தான் புதிய கல்லூரி மாணவர்கள் வந்து குவிவார்கள்; 1993க்குப் பிறகு புதியவர்களின் வரத்து ஓயவே இல்லை. பழையவர்கள் அதை "முடிவில்லாத செப்டம்பர்" என்று அழைத்தபோது, இந்த முறையின் காலமும் முடிந்திருந்தது.

அதற்கு நேர் எதிரானது, தீர்ப்பைக் கூட்டத்திடம் ஒப்படைப்பது. 2005இல் தொடங்கிய விவாதத் தளமான ரெடிட்டின் மேலம்பும் (ஆதரவு வாக்கு) கீழம்பும் (எதிர்வாக்கு) இதன் பிரபலமான வடிவம். உடன்படவில்லை என்பதற்காகக் கீழம்பை அழுத்தாதீர்கள், விவாதத்துக்குப் பயன்படாதவற்றுக்கு மட்டும் அழுத்துங்கள் என்று அதன் நன்னடத்தைக் குறிப்பே வேண்டிக்கொள்கிறது. பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஒரே அம்புக்கு "தவறு", "பிடிக்கவில்லை", "அநாகரிகம்" என்று மூன்று பொருள்கள் இருக்கும்போது பொருட்படுத்தவும் முடியாது. ஆகவே கைதட்டல் வரி உச்சியில் நிற்கிறது. கோபக்கார நிபுணர் முதல் பத்து நிமிடத்துக்குள்ளேயே அடியாழத்துக்குப் போகிறார். பணிவான வம்பனோ, மொழி சுத்தமாக இருப்பதால், தப்பித்துக்கொள்கிறான்.

கீழம்பு ஆளைத் திருத்துகிறதா என்றால், அதுவும் இல்லை. ஜஸ்டின் செங் உள்ளிட்ட ஆய்வாளர்கள் செய்தி சார்ந்த நான்கு இணையச் சமூகங்களை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட முடிவின்படி, எதிர்வாக்குப் பெற்றவர்கள் அதன்பின் கூடுதலாக எழுதினார்கள், தரம் குறைவாக எழுதினார்கள், மற்றவர்களுக்கும் கூடுதலாக எதிர்வாக்குப் போட்டார்கள். தண்டனை என்று நாம் நினைத்தது தொற்றுநோயாகப் பரவியிருக்கிறது. தொழில்நுட்பச் செய்திகளில் இன்னொரு கோளாறும் சேர்ந்துகொள்கிறது. அணு உலைக்கான திட்டத்தை நிமிடங்களில் நிறைவேற்றும் குழு, மிதிவண்டிக் கொட்டகையைப் பற்றி நெடுநேரம் வாதாடும் என்று 1957இல் பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் பார்க்கின்சன் எழுதினார். செயலியின் புதிய சின்னத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல எல்லோராலும் முடியும். நினைவகப் பாதுகாப்பைப் பற்றிச் சிலரால்தான் முடியும். தலைகளை எண்ணும் முறை எப்போதும் கொட்டகைக்கே பரிசளிக்கும்.

வாக்குக்கு ஒரு விலை வைத்தால் நிலைமை சற்று மாறுகிறது. நிரலாளர்களின் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் எதிர்வாக்குப் போட 125 நற்பெயர்ப் புள்ளிகள் வேண்டும். ஒரு விடைக்கு எதிர்வாக்குப் போட்டால் போட்டவரின் புள்ளியிலும் ஒன்று குறையும். அற்பமான தொகைதான், ஆனால் கை ஒரு கணம் தயங்குகிறது. எனினும் அந்தத் தளம் கேள்வி–விடைக்கானது. கருத்து சார்ந்த கேள்விகளை நெடுங்காலம் மூடிவந்தார்கள். செய்தி விவாதத்துக்கு அதை அப்படியே எடுத்துவர இயலாது.

1997இல் ராப் மால்டா தொடங்கிய தொழில்நுட்பச் செய்தித் தளமான ஸ்லாஷ்டாட் இந்தச் சிக்கலை நெடுநாள் முன்பே வேறு கோணத்தில் அணுகியது. இன்றைய தளங்கள் அதை மறந்துபோனது எனக்கு வியப்பளிக்கிறது. அங்கே எல்லோருக்கும் எப்போதும் வாக்கில்லை. நல்ல கர்மா (தளத்தில் சேர்த்த நற்பெயர்) உள்ள வழக்கமான வாசகர்களில் சிலருக்கு அவ்வப்போது, மற்றவர்களின் பின்னூட்டங்களுக்கு மதிப்பெண் இட ஐந்து புள்ளிகள் கிடைக்கும். மூன்று நாள்களுக்குள் செலவழிக்காவிட்டால் காலாவதியாகிவிடும். புள்ளியைச் செலவிட்ட விவாத இழையில் அவரே பின்னூட்டமும் எழுதினால், அவர் இட்ட மதிப்பெண்கள் ரத்தாகும். அதாவது வழக்காடுபவர் நீதிபதியாக இருக்க முடியாது. மதிப்பெண் மைனஸ் 1 முதல் 5 வரைதான். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற்றினாலும் இறக்கினாலும் காரணத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்: தகவல் நிறைந்தது, நுண்ணறிவு மிக்கது, வேடிக்கையானது, தலைப்புக்குப் புறம்பானது, சண்டைக்கு இழுப்பது, ட்ரோல் (வம்புக்காக எழுதியது) போன்றவை. "நான் உடன்படவில்லை" என்ற காரணம் பட்டியலிலேயே இல்லை. 1999இல் அதன்மேல் இன்னோர் அடுக்கும் வந்தது. மதிப்பெண் இட்டவர்கள் நியாயமாக இட்டார்களா என்று வேறு வாசகர்கள் மதிப்பிட்டார்கள்.

காரணத்தைச் சொல்லவைத்ததன் பலன் கைதட்டல் வகையில் தெளிவாகத் தெரிந்தது. "வேடிக்கையானது" என்ற முத்திரை எழுதியவரின் கர்மாவை உயர்த்தாது; விருப்பப்படாத வாசகர், அந்த முத்திரை பெற்றவற்றின் மதிப்பெண்ணைத் தன் திரையில் மட்டும் குறைத்துக்கொள்ளலாம். கோபக்கார நிபுணருக்கு ஒருவர் "தகவல் நிறைந்தது" என்றும் மற்றொருவர் "சண்டைக்கு இழுப்பது" என்றும் முத்திரை இடுவார்கள். இரண்டுமே உண்மை, அவர் நடுவில் நிற்பார், மூழ்கமாட்டார். டோர்வால்ட்ஸின் மடல் இங்கே பிழைத்திருக்கும்.

குறை இரண்டு. கிளிஃப் லாம்ப்பும் பால் ரெஸ்னிக்கும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, நல்லதையும் கெட்டதையும் இந்த முறை பெரும்பாலும் சரியாகவே பிரிக்கிறது என்று காட்டியது. அதே சமயம் மிகச் சிறந்த பின்னூட்டங்கள் அடையாளம் காணப்பட வெகுநேரம் ஆவதையும், தாமதமாக வந்தவையும் பதிலுக்குப் பதிலாக உள்ளே புதைந்தவையும் கவனிக்கப்படாமல் போவதையும், தவறான மதிப்பெண்கள் பல திருத்தப்படாமலே நிற்பதையும் காட்டியது. இரண்டாவது குறைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. முத்திரை ஒரு பின்னூட்டத்தின்மேல் விழுகிறது. பணிவான வம்பனின் குற்றமோ எந்தத் தனிப் பின்னூட்டத்திலும் இல்லை. பத்தாவது முறை கேட்கிறான் என்பதை அறிய முன்னுள்ள ஒன்பதையும் படித்திருக்க வேண்டும். ஐந்து புள்ளிகளைக் கையில் வைத்துக்கொண்டு கடந்துபோகிறவருக்கு அந்தப் பொறுமை இராது.

அந்தப் பொறுமையைச் சம்பளம் கொடுத்துப் பெறுவதுதான் ஹேக்கர் நியூஸின் வழி. 2007இல் பால் கிரகாம் தொடங்கிய இந்தத் தொழில்நுட்பச் செய்தித் தளத்திலும் வாக்கு உண்டு. கீழ்வாக்குக்கு 500 கர்மாவுக்கு மேல் தேவை. புகார்க் கொடி போட அதைவிடக் குறைவாகவே போதும். கொடிகளால் மறைந்துபோன நல்ல பின்னூட்டத்துக்கு மற்ற பயனர்கள் சான்று கூறி உயிர்ப்பிக்கவும் முடியும். ஆனால் தளத்தின் இயல்பைத் தீர்மானிப்பது முழுநேர மட்டுறுத்துநரின் கை. அவர் இழைக்குள் வந்து, எந்த வரி விதிக்குப் புறம்பானது என்று வெளிப்படையாக எழுதுகிறார். ஒருவர் இதற்கு முன்பும் இப்படிச் செய்திருந்தால் அந்தப் பழைய பின்னூட்டங்களின் சுட்டிகளையும் தருகிறார். மற்றவர் சொன்னதற்குச் சாத்தியமான பொருள்களில் வலுவானதை எடுத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள் என்பது அங்குள்ள விதிகளில் ஒன்று. பணிவான வம்பனைப் பிடிக்க இதைவிடக் கூரான கருவியை நான் கண்டதில்லை, ஏனெனில் எதிராளியின் சொல்லை வேண்டுமென்றே பலவீனமாகப் புரிந்துகொள்வதே அவனுடைய தொழில்.

இதன் விலை ஒளிவுமறைவு. செய்திகள் முகப்பிலிருந்து ஏன் சரிந்தன என்பது வாசகருக்குத் தெரிவதில்லை. தளத்தை நடத்துவது புதுத்தொழில்களில் முதலிடும் ஒய் காம்பினேட்டர் என்பதால், அந்த முதலீடுகளைப் பற்றிய செய்தி சரியும்போதெல்லாம் சந்தேகம் எழுகிறது. 2012இல் தோன்றிய லாப்ஸ்டர்ஸ் என்ற தளம் சரியாக இந்த இடத்தில்தான் மாறுபடுகிறது. அங்கே மட்டுறுத்துநரின் செயல்களைப் பதியும் குறிப்பேட்டை யாரும் படிக்கலாம். சேர அழைப்பு வேண்டும். யார் யாரை அழைத்தார் என்ற மரவடிவப் பட்டியலும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். தான் அழைத்த ஆள் வம்பு செய்தால் அழைத்தவருக்கும் தலைகுனிவு. தூய்மைக்கு இது நல்ல ஏற்பாடு, வளர்ச்சிக்கு அல்ல. நண்பர்கள் நண்பர்களையே அழைப்பதால் ஒரே வகை நிரலாளர்கள் கூடும் இடமாகிவிடும் ஆபத்தும் உண்டு. மெட்டாஃபில்டர் என்ற விவாதத் தளம் 2004 முதல் உறுப்பினராக ஐந்து டாலர் வாங்கியதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த உத்திதான்: தடைசெய்யப்பட்டவர் புதுப் பெயரில் திரும்ப ஒரு செலவு.

உண்மைப் பெயரைக் கட்டாயமாக்கினால் போதும் என்பவர்களுக்குத் தென்கொரியாவின் அனுபவமே பதில். 2007இல் பெரிய தளங்களுக்கு அடையாளச் சரிபார்ப்பு கட்டாயமானது. 2011இல் ஊடுருவல் ஒன்றில் ஏறத்தாழ 3.5 கோடிப் பயனர்களின் விவரங்கள் திருடப்பட்டன. 2012 ஆகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. டனன்பாமும் டோர்வால்ட்ஸும் சொந்தப் பெயரில்தான் மோதிக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒருவர் எழுதுவது அவருக்கு மட்டும் தெரியும்படி மற்றவர்களிடமிருந்து மறைக்கும் நிழல் தடையைப் பற்றி என் கருத்து சுருக்கமானது: விளம்பர இயந்திரங்களுக்குப் பொருத்தம், மனிதர்களுக்குச் செய்யும் ஏமாற்று.

விரைவு ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். 2017இல் செங்கும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய சோதனையில், மனநிலை நன்றாக இருந்து, மேலே உள்ள பின்னூட்டங்களும் ஒழுங்காக இருந்தபோது 35 விழுக்காடு பதிவுகள் வம்பாக இருந்தன. மனநிலை கெட்டு, மேலே வம்பும் இருந்தபோது அது 68 விழுக்காடு ஆனது. ஆக வம்பன் என்பது எப்போதும் ஓர் ஆளல்ல, பல நேரங்களில் ஒரு நிலை. முதல் அரைமணியில் மேலே என்ன நிற்கிறது என்பதே இழையின் போக்கைப் பெரிதும் தீர்மானிக்கிறது. செலவில்லாத தடுப்பும் ஒன்று உண்டு. ஆய்வாளர் நேதன் மத்தியாஸ் ரெடிட்டின் அறிவியல் பிரிவில் செய்த சோதனையில், விதிகளை விவாதத்தின் உச்சியிலேயே ஒட்டிவைத்ததால் புதியவர்கள் விதிக்கு உட்பட்டு எழுதுவது 8 விழுக்காட்டுப் புள்ளிகளுக்கு மேல் கூடியது. புதியவர்களின் பங்கேற்பும் சராசரியாக 70 விழுக்காடு உயர்ந்தது. விதியைக் காட்டினால் ஆள் வரமாட்டார்கள் என்ற பயம் அங்கே பொய்யானது.

எதைத் தேர்வது என்று கேட்டால், சில ஆயிரம் பேர் உள்ள தொழில்நுட்பச் சமூகத்துக்கு என் விடை கலப்பானது: ஹேக்கர் நியூஸின் மனிதத் தீர்ப்பு, லாப்ஸ்டர்ஸின் திறந்த குறிப்பேடு, ஸ்லாஷ்டாட்டின் காரண முத்திரை; கீழம்பு வேண்டவே வேண்டாம். லட்சக்கணக்கானோர் சேரும்போது ஒரு மட்டுறுத்துநர் போதமாட்டார். அங்கே ரெடிட்டைப்போல் பிரிவுக்கொரு தன்னார்வக் குழு தவிர வழியில்லை. அந்தக் குழுக்கள் ஊதியமில்லாமல் உழைப்பவை என்பதை 2023 ஜூன் 12 நினைவூட்டியது. அன்று, வெளியார் உருவாக்கிய செயலிகள் ரெடிட்டின் தரவை எடுக்க உதவும் ஏபிஐ இணைப்புக்குக் கட்டணம் விதித்ததை எதிர்த்து ஆயிரக்கணக்கான பிரிவுகள் ஒரே நேரத்தில் கதவடைத்தன. அவற்றின் மட்டுறுத்துநர்கள் பலர் அன்றாட வேலைக்கே அத்தகைய வெளிச்செயலிகளை நம்பியிருந்தார்கள்.

சம்பளம் வாங்கும் மட்டுறுத்துநரும் இரவில் உறங்குவார். அந்த இடைவெளிக்காக ஹேக்கர் நியூஸில் ஒரு நிரல் உண்டு: வாக்குகளைவிடப் பின்னூட்டங்கள் வேகமாகப் பெருகும் இழையைச் சண்டை என்று கருதி முகப்பில் கீழே இறக்கிவிடும். அதற்கும் வம்பனையும் கோபக்காரனையும் பிரித்தறியத் தெரியாது. நல்ல விவாதங்களும் அதில் சிக்கிக் கீழிறங்குகின்றன; பிறகு ஒரு மனிதர் வந்து படித்துப் பார்த்து, அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் விடுவிக்கிறார்.