எடிட்டர் ஆக: கல்லூரியா, யூடியூபா, எடிட் ரூமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த விஷயத்தில் நான் நடுநிலை ஆள் இல்லை. ஒன்றரை வருடம் வீட்டில் உட்கார்ந்து வீடியோ பார்த்து எடிட்டிங் கற்றேன். திரைப்படக் கல்லூரியில் இடம் கிடைத்தும் போகாமல், ஓர் எடிட்டரிடம் அசிஸ்டன்டாகச் சேர்ந்து ஐந்து வருடம் இருந்தேன். ஆகவே கல்லூரியைப் பற்றி நான் சொல்வதெல்லாம் எடிட் ரூமில் பக்கத்து மேஜையில் இருந்த கல்லூரிக்கார நண்பரைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

மென்பொருளை வைத்து முடிவெடுக்காதீர்கள். அவிட் மீடியா கம்போசர், பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ் மூன்றில் ஒன்று கைவந்தால் அடுத்ததற்கு மாறச் சில வாரம் போதும். ரிசால்வுக்கு இலவசப் பதிப்பே இருக்கிறது. ஷார்ட்கட், ஜே கட் (அடுத்த ஷாட்டின் ஒலி அதன் படத்துக்கு முன்பே வருவது), எல் கட் (முந்தைய ஷாட்டின் ஒலி அடுத்த படத்திலும் தொடர்வது), கலர் அடிப்படை எல்லாவற்றையும் வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம். இதற்காக மட்டும் ஒரு கோர்ஸில் சேர்வது வீண்.

தானாகக் கற்பதில் எனக்கு இடித்தது வேறு இடம். பயிற்சிக்குக் கிடைக்கும் ஃபுட்டேஜ் பெரும்பாலும் ஏற்கெனவே சலித்து எடுத்தது. எடிட் ரூமுக்கு வரும் ரஷ், அதாவது படப்பிடிப்பில் எடுத்தது மொத்தமும், அப்படி வராது. ஒரே வசனம் எட்டு டேக், மூன்று ஆங்கிள். நாலாவது டேக்கில் நடிப்பு பிரமாதம், ஆனால் கிளாஸ் இடது கையில் இருக்கிறது. ஆறாவதில் கிளாஸ் சரியான கையில் இருக்கிறது, முகத்தில் ஒன்றுமில்லை. வேலையே இந்த இரண்டுக்கும் நடுவில்தான். வீட்டில் இருந்தவரை அந்த இக்கட்டு எனக்கு வந்ததே இல்லை.

கல்லூரி தருவது மொழி. சோவியத் இயக்குநர் குலெஷோவ் என்ன செய்து பார்த்தார் என்று நண்பருக்குத் தெரியும்: உணர்ச்சியே காட்டாத ஒரே முகத்தை ஒரு தடவை சூப் கிண்ணத்தோடும் ஒரு தடவை சவப்பெட்டியோடும் ஒட்டினால், பார்க்கிறவர்கள் அதில் பசியையும் துக்கத்தையும் படித்துக்கொள்கிறார்கள். ஒரு சீன் ஓடவில்லை என்றால் ஏன் ஓடவில்லை என்று அவரால் சொல்ல முடியும். எனக்கு ஓடவில்லை என்பது மட்டும் தெரியும். இந்தக் குறை இன்றுவரை எனக்கு இருக்கிறது. கூடப் படித்தவர்கள் இயக்குநராகி இவரைக் கூப்பிடுவதும் நடக்கிறது. அது சின்ன லாபம் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் நான் எடிட் ரூம் பக்கம் நிற்பதற்குக் காரணம் ஒன்றுதான்: நீங்கள் வெட்டியது எத்தனை தடவை உங்களிடமே திரும்பி வருகிறது என்பது. யூடியூபில் கற்கும்போது அது திரும்பியே வராது. லைக் வரும், அதோடு சரி. கல்லூரியில் நண்பர் மொத்தமாக நாலு குறும்படம் வெட்டினார், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று சுற்றுத் திருத்தம். எடிட் ரூமில் இது அன்றாடம். திருப்பி அனுப்புகிறவருக்கு அந்தப் படம் ஓடியாக வேண்டும். முகத்துக்காகப் பாராட்டமாட்டார்.

சேர்ந்து எட்டு மாதம் கழித்துத்தான் எனக்கு ஒரு சீன் கொடுத்தார்கள். மகள் வீட்டைவிட்டுக் கிளம்பப்போகிறாள், அம்மாவிடம் சொல்கிறாள். 3 நிமிடம் 40 விநாடிக்கு வெட்டி வைத்தேன். எடிட்டர் நிறுத்தாமல் பார்த்தார்.

“தம்பி, அந்தப் பொண்ணு எந்த இடத்துல முடிவு பண்ணுது?”

“கடைசி டயலாக்ல சார்.”

“இல்ல. கிளாஸை வாய்கிட்ட கொண்டுபோயிட்டு குடிக்காம கீழ வைக்குதே, அங்க. அது எங்க?”

அது நாலாவது டேக். நான் ஒதுக்கி வைத்தது. “கன்டினியுட்டி இடிக்குது சார், கிளாஸ் கை மாறுது” என்றேன். “மாறட்டும், போடு” என்றார். போட்டதும் அதற்குப் பின்னால் இருந்த ஆறு வரி வசனம் தேவையில்லாமல் போயிற்று. அதன்பின் இயக்குநர் பார்த்தார், திரும்பி வந்தது. ஒன்பதாவது வெர்ஷனில் அந்த சீன் 2 நிமிடம் 5 விநாடி. கை மாறுவதை இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

பக்கத்து மேஜை நண்பர் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்னார்: அமெரிக்க எடிட்டர் வால்டர் மர்ச் ஒரு வெட்டுக்கு ஆறு அளவுகோல் வைத்து, உணர்ச்சிக்கு 51 சதவீதமும், ஆளும் பொருளும் இடம் மாறாமல் இருப்பதற்கு 4 சதவீதமும் கொடுத்திருக்கிறார், இது தேர்விலேயே வந்தது என்று. “அப்ப நீங்க இருந்தா நாலாவது டேக்கைப் போட்டிருப்பீங்களா?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆறாவதுதான்” என்றார்.

எடிட் ரூமின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அந்த எட்டு மாதமும் சிங்க் பண்ணுவது (படத்தோடு ஒலியைப் பொருத்துவது), ப்ராக்ஸி (வேலைக்கு எளிதான சிறிய நகல்) எடுப்பது, பின்களுக்கு (ஃபுட்டேஜை அடுக்கும் ஃபோல்டர்களுக்கு) பெயர் வைப்பது, சவுண்ட் ஆட்களுக்கு ஏஏஎஃப் (எடிட்டை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகும் ஃபைல்) அனுப்புவது. அலுப்பு தட்டும். ஆனால் தப்பு பண்ணினால் மறக்காது. விநாடிக்கு 23.976 ஃப்ரேமில் எடுத்ததை நான் 24 என்று எடுத்துக்கொண்டு ஒரு நாள் ரஷ் முழுவதையும் சிங்க் பண்ணினேன். டேக் தொடக்கத்தில் அடிக்கும் கிளாப்பில் கச்சிதமாக இருந்தது. பத்து நிமிட டேக்கின் முடிவில் உதடும் குரலும் 14 ஃப்ரேம் தள்ளி நின்றன. இரவு முழுக்க உட்கார்ந்து திரும்பச் செய்தேன்.

இதைவிடப் பெரிய ஆபத்து, சிங்க் பண்ணுகிறவராகவே தங்கிவிடுவது. ஃபிலிம் காலத்தில் எடிட்டர் கேட்கும் துண்டைத் தேடி எடுத்துக்கொடுக்க அசிஸ்டன்ட் பக்கத்திலேயே நின்றாக வேண்டும். நிற்கிற நேரத்தில் வேலை தானாகக் காதில் விழும், கண்ணில் படும். 1989இல் அவிட் வந்து, பிறகு எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியபோது அந்தத் தேவை போய்விட்டது. பல இடங்களில் அசிஸ்டன்ட் வேறு அறையில், அல்லது ராத்திரி ஷிஃப்டில். அப்படிப்பட்ட இடத்தில் ஐந்து வருடம் இருப்பதற்குக் கல்லூரியே மேல்.

டிவி தொடரா, சினிமாவா என்றால், முதல் இரண்டு வருடத்துக்குத் தொடர்தான் என்பேன். எபிசோட் 22 நிமிடம் என்றால் 22தான். எதை இழக்கலாம் என்று தினமும் முடிவெடுத்தே ஆகவேண்டும். ஆவணப்படத்தில் நான் வேலை செய்ததில்லை. ஸ்கிரிப்ட் இல்லாமல் நூறு மணி நேர ஃபுட்டேஜில் கதையைத் தேடுகிற வேலை அது. அங்கே கல்லூரிக்காரரின் கை ஓங்கியிருக்கலாம்.

அசிஸ்டன்டாகப் போய்க் கேட்கிறவர்கள், என்ன மென்பொருள், எத்தனை மணி நேரம் என்பதோடு இதையும் கேளுங்கள்: “நீங்க கட் பண்ணும்போது பின்னால உட்காரலாமா சார்?” எங்கள் எடிட்டர் இதற்கு, “லாகிங்கை முடிச்சிட்டு வந்து உட்காரு, ஆனா வாயைத் திறக்காத” என்றார். (லாகிங் என்றால் வந்த ஷாட்டுகளைப் பார்த்துக் குறிப்பெழுதி வைப்பது.) நான் மறுநாளே சேர்ந்துவிட்டேன்.