ஜியாலஜி அசைன்மென்ட்: சீனியர் நோட்டு, யூடியூப், ஏஐ, லேப் அண்ணன் – எது எதற்கு உதவும்?

சிவில் இன்ஜினியரிங் படிப்பில் 'இன்ஜினியரிங் ஜியாலஜி' ஒரு கட்டாயப் பாடம். கணக்குப் பேப்பர்களுக்கு நடுவே வருவதால், 'தியரிதானே, பரீட்சைக்கு முந்தின நாள் பார்த்துக்கொள்ளலாம்' என்று பலரும் ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். முதல் அசைன்மென்ட் கைக்கு வந்த பிறகுதான் இது மனப்பாடத்தில் அடங்காத பாடம் என்று தெரிகிறது. என் அக்கா மகளுக்கும் இந்த செமஸ்டரில் அதுதான் நடந்தது. "மாமா, மூணு போர்ஹோல் கொடுத்து ஸ்ட்ரைக், டிப் கண்டுபிடிக்கச் சொல்றாங்க. எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல" என்று போன் செய்தாள். போர்ஹோல் என்பது நிலத்தில் துளைத்துப் பார்க்கும் துளை. சாய்ந்து கிடக்கும் பாறைப் படுகையின் மேல் ஒரே மட்டத்தில் போகும் கோட்டின் திசை ஸ்ட்ரைக், படுகை சாயும் கோணம் டிப்.

நான் கட்டட வேலையில் இருப்பவன். அஸ்திவாரக் குழியில் பாறை எந்த ஆழத்தில் வரும் என்ற கேள்வியோடு தினமும் மல்லுக்கட்டுகிறேன். அதனால் இந்தப் பாடத்தின் மேல் எனக்குத் தனி அக்கறை உண்டு. சில வாரங்கள் அவளோடு உட்கார்ந்தேன். அவளும் அவள் வகுப்புப் பிள்ளைகளும் உதவி தேடிப் போன வழிகளையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தேன். பார்த்ததை ஒப்பிட்டு எழுதுகிறேன்.

ஜியாலஜி வீட்டுப்பாடம் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ஒன்று, எழுத்துக் கேள்விகள்: உருமாறிய பாறை என்றால் என்ன, அணை கட்டும் இடத்தில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பது போல. இரண்டாவது, கல்லைக் கையில் கொடுத்துப் பெயர் கேட்பது. மூன்றாவது, வரைபடமும் போர்ஹோல் கணக்கும். எழுத்துக் கேள்விக்குக் கைகொடுக்கும் ஆள், கல்லைக் கொடுத்தால் கவிழ்த்துவிடுவார். இந்தப் பிரிவினையை மனதில் வைக்காமல் 'எது பெஸ்ட்' என்று கேட்டால் பதில் கிடையாது.

எழுத்துக் கேள்வியில் பிள்ளைகள் முதலில் கை வைப்பது சீனியர் நோட்டில்தான். ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும், வாட்ஸாப்பில் பிடிஎஃப் ஆகவும் வரும். எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அதில் ஒரு தவறு நுழைந்துவிட்டால் வருடக்கணக்கில் நகலாகிக்கொண்டே போகும். அவள் கொண்டுவந்த நோட்டில் இத்தாலியின் வையோன்ட் அணை 'அஸ்திவாரம் பலவீனமாக இருந்ததால் உடைந்தது' என்று எழுதியிருந்தது. நடந்தது வேறு. 1963 அக்டோபர் 9 இரவு, நீர்த்தேக்கத்தின் பக்கத்து மலைச்சரிவு அப்படியே தண்ணீருக்குள் சரிந்தது. எழுந்த அலை அணையைத் தாண்டிக் கீழே இருந்த ஊர்களை அடித்துக்கொண்டு போனது. சுமார் 2000 பேர் இறந்தார்கள். அணை உடையவில்லை, இன்றைக்கும் நின்றுகொண்டிருக்கிறது. கான்கிரீட்டைச் சரியாகக் கட்டியும் மலையைச் சரியாகப் படிக்காததால் வந்த சாவு அது. சிவில் படிப்பவருக்கு ஏன் ஜியாலஜியைக் கட்டாயமாக வைத்திருக்கிறார்கள் என்பதற்கு இந்த ஒரு சம்பவமே போதும். அதையே தலைகீழாக எழுதிவைத்த நோட்டை நம்பிப் படித்தால், மார்க் வந்தாலும் விஷயம் வராது.

இதே கேள்விகளுக்கு என்பிடெல் வீடியோக்கள் எப்படி? ஐஐடி ஆசிரியர்கள் நடத்துவது, பார்க்கக் காசு கிடையாது, சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம். சீனியர் நோட்டைவிட நம்பகமானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிதானமாகப் போகும் என்பதுதான் பிள்ளைகளின் புகார். நாளை காலை சமர்ப்பிக்க வேண்டிய அசைன்மென்ட்டுக்கு இன்று இரவு அதைத் திறந்தால் பயனில்லை. செமஸ்டர் தொடங்கும்போதே வாரத்துக்கு ஒன்றிரண்டு என்று பார்த்து வந்தால் நன்றாக உதவும். யூடியூபில் தமிழில் பேசி நடத்துகிறவர்களின் பத்து நிமிட வீடியோக்கள் அவசரத்துக்கு நல்லது. எழுத்துக் கேள்விக்கு ஏஐ-யும் மோசமில்லை. புரியாத பத்தியைக் கொடுத்து 'தமிழில் எளிமையாகச் சொல்' என்றால் சொல்கிறது. பாடப்புத்தக ஆங்கிலத்தில் திணறும் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது கல். இங்கே கதை முழுக்க மாறிவிடும்.

அவள் தோழி ஒருத்தி லேபில் வைத்திருந்த வெள்ளைக் கல்லைப் போட்டோ எடுத்து ஏஐ-யிடம் கேட்டாள். குவார்ட்ஸ் என்று வந்தது. வேறு வெளிச்சத்தில் எடுத்த இன்னொரு போட்டோவுக்கு ஃபெல்ட்ஸ்பார் என்று வந்தது. இரண்டும் தவறு, அது கால்சைட். தப்பு போட்டோவின் மேல்கூட இல்லை. வெள்ளையாக இருக்கும் கனிமங்கள் ஏராளம்: குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், கால்சைட், பேரைட், நம் சேலத்து மேக்னசைட். நிறத்தை வைத்து இவற்றைப் பிரிக்கவே முடியாது. கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். பேரைட் என்றால் அந்த அளவு கல்லுக்கு இத்தனை கனமா என்று கை சொல்லிவிடும். கண்ணாடித் துண்டில் கீறிப் பார்க்க வேண்டும். கடினத்தைக் காட்டும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7, அது கண்ணாடியைக் கீறும். கால்சைட் 3, கீறாது, பேனாக்கத்தியே அதைக் கீறிவிடும். ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் கால்சைட் சடசடவென்று நுரைக்கும். இதில் எதையும் போட்டோ செய்யாது.

இந்த வேலைக்கு நான் பார்த்ததில் முதலிடம் லேப் அண்ணனுக்குத்தான். பட்டம் இல்லாத அட்டெண்டர். பல வருடமாக அந்தக் கற்களைத் துடைத்து, எண் ஒட்டி, தட்டில் அடுக்கி வைப்பவர். அவள் போய், "அண்ணா, இதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டிருக்கிறாள். அவர் பெயர் எதுவும் சொல்லவில்லை. மெருகில்லாத பீங்கான் தட்டை எடுத்து அவள் கையில் கொடுத்து, "ரெண்டு கருப்புக் கல்லையும் இதுல இழுத்துப் பாரும்மா" என்றாராம். ஒன்று கருப்புக் கோடு போட்டது, அது மேக்னடைட். இன்னொன்று செங்காவிக் கோடு போட்டது, அது ஹெமடைட். அன்றைக்குப் பிறகு அவளுக்கு அது மறக்கவே இல்லை. ஆசிரியரிடம் கேட்கக் கூச்சப்படும் பிள்ளைகள் இவரிடம் கேட்கலாம். லேப் நேரம் முடிந்த பின் அரை மணி நேரம் இருக்க அனுமதி வாங்கிக்கொண்டால் போதும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியதே நிலவியல் மாதிரிகளோடுதான். அங்கே கல்லைத் தொட முடியாது, ஆனால் லேபில் இருப்பதைவிடப் பெரிய, சுத்தமான மாதிரிகளைப் பெயரோடு பார்க்கலாம். அப்புறம் பரங்கிமலை. மெட்ரோவில் இறங்கி ஏறினால் காலடியில் சார்னோக்கைட். கொல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு இங்கிருந்து போன கல் அது. அதைப் பார்த்து ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் அவர் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். உலகம் முழுக்கப் புத்தகத்தில் இருக்கும் ஒரு பாறைப் பெயருக்கு மூல இடம் நம் வீட்டுப் பக்கத்தில் இருக்கிறது. வெளிநாட்டு வீடியோவில் காட்டும் இளஞ்சிவப்பு கிரானைட்டையே பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள், சார்னோக்கைட்டின் எண்ணெய் தடவியது போன்ற கருநீல மினுக்கத்தைப் பார்த்ததும் 'வெறும் கருங்கல்' என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே போய் வந்தால் அந்தத் தவறு வராது.

மூன்றாவது, போர்ஹோல் கணக்கு. எல்லோரும் தடுமாறும் இடம். அவளுக்கு வந்த கணக்கையே சொல்கிறேன். ஏ, பி, சி என்று மூன்று போர்ஹோல், ஒன்றுக்கொன்று 400 மீட்டர் தூரம். தரைமட்டம் ஏ-யில் 130 மீ, பி-யில் 140, சி-யில் 110. நிலக்கரிப் படுகை ஏ-யில் 30 மீ ஆழத்தில், பி-யில் 60, சி-யில் 50 மீ ஆழத்தில் கிடைக்கிறது. படுகை எந்தப் பக்கம், எத்தனை டிகிரி சாய்கிறது?

ஆழத்தை மட்டும் பார்ப்பவர் பி-யில்தான் படுகை தாழ்வாக இருக்கிறது என்று நினைப்பார். வகுப்பில் பாதிப் பேர் அங்கேயே விழுந்தார்களாம். தரைமட்டத்திலிருந்து ஆழத்தைக் கழிக்க வேண்டும். ஏ-யில் 100, பி-யில் 80, சி-யில் 60. உண்மையில் தாழ்வானது சி. ஏ-க்கும் சி-க்கும் நடுப்புள்ளியில் படுகை 80 மீட்டரில் இருக்கும். பி-யிலும் 80. இந்த இரண்டு புள்ளிகளையும் சேர்த்தால் அதுதான் ஸ்ட்ரைக் கோடு. அதற்குச் செங்குத்தாக, ஏ-யிலிருந்து சி பக்கம், 400 மீட்டருக்கு 40 மீட்டர் இறக்கம். பத்துக்கு ஒன்று, அதாவது சுமார் 5.7 டிகிரி.

இதையே ஏஐ-யிடம் கொடுத்துப் பார்த்தோம். கழித்தல் எல்லாம் சரியாகச் செய்தது. பிறகு ஏ-யிலிருந்து பி-க்கு 20 மீட்டர் இறக்கத்தை எடுத்து 2.9 டிகிரி என்று முடித்துவிட்டது. ஸ்ட்ரைக் கோட்டுக்குச் செங்குத்தாக இல்லாத அந்தத் திசையில் தெரிவது தோற்றச் சாய்வு, உண்மைச் சாய்வு இல்லை. பதிலைப் பார்த்தால் படிப்படியாக, அழகாக, நம்பும்படி இருந்தது. முக்கோணத்தைத் தாளில் வரைந்து பார்த்தவருக்கு மட்டும்தான் தவறு தெரியும். ஆகவே இந்த வகைக் கணக்குக்கு ஏஐ-யை முதலில் கேட்கக் கூடாது. வரைந்து முடித்த பின் சரிபார்க்க வேண்டுமானால் கேட்கலாம்.

யூடியூப் இங்கே ஏஐ-யைவிட மேல், ஏனென்றால் ஒருவர் கையால் ஸ்கேல் வைத்து வரைவதைப் பார்க்க முடிகிறது. அதையும்விட மேல், நாலு பேர் ஒரே மேசையில் கிராஃப் தாளோடு உட்கார்வது. அவளும் மூன்று தோழிகளும் தனித்தனியாக வரைந்துவிட்டு ஒப்பிட்டார்கள். ஒருத்திக்கு மட்டும் சாய்வு எதிர்த்திசையில் வந்தது. ஏன் என்று தேடியதில் நாலு பேருக்கும் பாடம் புரிந்தது. ஆசிரியரிடம் போவதென்றால் அந்த அரைகுறைப் படத்தையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். 'சார், புரியல' என்று வெறுங்கையோடு போனால் அவர் முழுப் பாடத்தையும் திரும்பச் சொல்வார். படத்தைக் காட்டி 'சார், இந்தக் கோடு வரைக்கும் வந்துட்டேன்' என்றால் இரண்டு நிமிடத்தில் விடை கிடைக்கும்.

காசு கொடுத்து எழுதி வாங்குவதும் நடக்கிறது. வகுப்பில் ஒரு பையன் வாங்கினான், படம் பிரமாதமாக இருந்தது. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் "இந்த ஸ்ட்ரைக் கோடு எப்படி வந்தது?" என்று ஒரே கேள்வி கேட்டதும் நின்றுவிட்டான். நாளைக்கு இவனை நம்பி ஒருவர் வீடு கட்டுவார் என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. டியூஷன் அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனால் ஜியாலஜிக்கென்று தனி டியூஷன் கிடைப்பது அபூர்வம். கிடைத்தாலும் அங்கே கல் இருக்காது.

அவளுக்கு அடுத்த அசைன்மென்ட் ஜியாலஜிக்கல் மேப்பில் குறுக்குவெட்டு வரைவது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் 1:50,000 அளவில் மேப் இருக்கிறது, சொந்த ஊர்ப் பக்கத்தையே எடுத்து ஒரு தடவை வரைந்து பழகச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை நாலு பேரும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். கிராஃப் தாள், புரோட்ராக்டர், கூர்சீவிய பென்சில் கொண்டுவரச் சொன்னேன். போன், கணக்கை முடித்த பிறகுதான் வெளியே வரும்.