முழுசாகப் பிரிப்பதா, ஓட்டிக்கொண்டே சரிசெய்வதா?

பழைய ஃபோர்ட் மஸ்டாங் கார் கராஜுக்கு வந்ததும் எழும் முதல் கேள்வி இது. எல்லாவற்றையும் கழற்றி வெறும் பாடியாக்கினால், ஒளிந்திருக்கும் துருவெல்லாம் கண்ணில் படும். முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் ‘கவுல்’ என்ற தகட்டுப் பகுதி அரித்துப்போயிருந்தால் மழைத்தண்ணீர் காலடியில் சொட்டும். அதை ஒழுங்காக வெல்டிங் செய்ய அந்தப் பக்கத்தையே பிரித்தாக வேண்டும். ஆனால் குழந்தைகள் வளரும் வேகத்தில் வேலை நகராது. பெட்டிகளில் கிடக்கும் போல்ட்டுகள் எதற்கானவை என்பதே மறந்துவிடும்.

ஓட்டிக்கொண்டே செய்வது என்றால் ஒரு ஞாயிறு, ஒரு வேலை. பிரேக்கில் தொடங்குங்கள். 1965, 1966 மஸ்டாங்கில், பிரேக் எண்ணெயைக் குழாய்களுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒற்றை அறைதான். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். இரட்டை அறை 1967 மாடலில்தான் வந்தது. பிள்ளைகளை ஏற்றும் முன் ஒற்றை அறையை இரட்டை அறையாக மாற்றியே ஆக வேண்டும்.

என் ஓட்டு இரண்டாவது வழிக்கே. மகள் டார்ச் பிடிக்க, நான் புது பிரேக் குழாயை வளைத்த அந்த மாலையை எதற்கும் ஈடாகத் தரமாட்டேன். ஒன்று மட்டும்: பழைய பெயின்ட் தூசியில் ஈயம் இருக்கலாம். தேய்க்கும் நாளில் பிள்ளைகள் கராஜுக்குள் வரவே கூடாது; சட்டையை மாற்றிக் கை கழுவிய பிறகே அவர்களைத் தூக்குங்கள்.

அடித்தளமே இற்றுப்போன காருக்கு மட்டும் முழுப் பிரிப்பு.