பத்தாங் காலியில் பதினோரு வருடம்: வீடு சரி, அந்த நாலு கிலோமீட்டர்தான்

பூச்சோங்கில் இருக்கும் சின்னம்மா மகன் போன வாரம் வாட்ஸாப்பில் கேட்டான்: "அக்கா, உங்க தாமான்ல ஒரு வீடு விலை எறங்கியிருக்கு. வாங்கலாமா?" ரெண்டு வரியில் பதில் சொல்கிற சமாச்சாரம் இல்லை. அதுவும் அவன் கேட்ட அன்றைக்கு எனக்கு நல்ல கோபம். கொஞ்சம் ஆறவிட்டு எழுதுகிறேன். முழுக்க ஆறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் காலியில் எங்கள் தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி, இருக்கும் இடம் முன்பு பால்மரத் (ரப்பர்) தோட்டம், அப்புறம் செம்பனை. வேலிக்கு அந்தப் பக்கம் இன்றும் செம்பனைதான். கடை, அரசாங்க கிளினிக், வாரம் ஒரு பசார் மாலாம் (இரவுச் சந்தை), கோயில் எல்லாம் பத்தாங் காலிப் பட்டணத்துப் பக்கம் இருக்கின்றன. ஆஸ்பத்திரி என்றால் கோல குபு பாருவுக்குப் போகலாம். தண்ணீர், மின்சாரம் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் மலைப்பக்கமிருந்து ஒரு குளிர் வரும், பூச்சோங்கில் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

ரயிலையும் புகழ்ந்துவிடுகிறேன். 2007இல் ரவாங்கிலிருந்து ராசா வரைக்கும் கொமுட்டர் என்ற புறநகர் ரயில் வந்தபோதுதான் இந்தப் பக்கத்துக்கே மின்ரயில். ஆனால் கோலாலம்பூர் போக ரவாங்கில் இறங்கி இன்னொரு ரயில் மாற வேண்டியிருந்தது. நான் குடிவந்த புதிதிலும் அப்படித்தான், எதிர் மேடைக்கு ஓடி ஓடியே செருப்புத் தேய்ந்தது. 2016 ஜூலையில் தஞ்சோங் மாலிமிலிருந்து கிள்ளான் துறைமுகம் வரைக்கும் ஒரே ஓட்டமாக்கினார்கள். அன்றிலிருந்து ஏறினால் உட்கார்ந்தபடியே சுங்கை பூலோ. அங்கிருந்து எம்ஆர்டி என்ற நகர ரயில். 2023இல் அதன் புத்ராஜெயா தடம் முழுசாகத் திறந்த பிறகு என் ஆபீசுக்கு வேறெங்கும் மாற வேண்டியதில்லை. கொமுட்டரின் நடுவில் பெண்கள் பெட்டி இருக்கிறது, 2010லிருந்தே உண்டு. அதிலும் சில ஆண்கள் ஏறி உட்கார்ந்து உடனே தூங்கிவிடுவார்கள். அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வரும் மனிதர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒரு வயிற்றெரிச்சல்: மாதம் 50 வெள்ளி மை50 அட்டையில் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேபிட் பஸ் எல்லாம் ஏறலாம். கொமுட்டர் அதில் சேராது. பட்டணத்துக்குள் இருக்கிறவனுக்குச் சலுகை, தூரத்திலிருந்து வருகிறவளுக்கு ரெண்டு செலவு. சரி, அதை விடு.

விட முடியாதது நிலையத்துக்கும் என் வாசலுக்கும் நடுவே உள்ள நாலு கிலோமீட்டர். வீடு விற்கும்போது அந்த மேம்பாட்டு நிறுவனத்துக்காரர் "ரயிலுக்கு அஞ்சே நிமிஷம்" என்றார். விடியற்காலையில், காடியில் (காரில்), ஒரு லோரியும் குறுக்கே வராவிட்டால் அஞ்சு நிமிஷம்தான். வேன் விடுவோம் என்றார்கள், விட்டார்கள். எட்டு மாதம் ஓடியது. அப்புறம் அதன் இரும்புப் பலகை மட்டும் தாமான் வாசலில் நின்றது. போன வருடம் அதில் யாரோ டியூஷன் விளம்பரம் ஒட்டினார்கள்.

நடக்கலாமே என்பாய், தம்பி. நடைபாதை கிடையாது. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு முழம் புல், அதற்கப்புறம் கால்வாய். செம்பனைக் குலை ஏற்றிய லோரி வளைவில் திரும்பும்போது உதிரிப்பழம் ரோட்டில் கொட்டும். பின்னால் வரும் சக்கரங்கள் நசுக்கி நசுக்கி அது ஆரஞ்சு நிறத்தில் பிசுபிசுவென்று ஒட்டிக்கிடக்கும். அதன்மேல் ஒரு மழை பெய்துவிட்டால் சோப்புப் போட்ட மாதிரி. என் வீட்டுக்காரர் மோட்டாரோடு சறுக்கி விழுந்தது அந்த மூன்றாவது வளைவில்தான். முட்டியில் ஆறு தையல். இன்றைக்கும் மாடிப்படி இறங்கும்போது 'அம்மா' என்பார்.

நீ கேட்ட அன்றைக்கு நடந்ததையும் சொல்கிறேன். ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு இறங்கினேன், கொட்டும் மழை. என் வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட். போனில் காடி கூப்பிட்டால் ஒருவர் ஏற்றுக்கொண்டு மூன்று நிமிடத்தில் கழற்றிவிட்டார், இன்னொருவரும் அப்படியே. நிலையத்தில் நானும் ஒரு நாயும்தான். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து அடுத்த ரயிலில் வந்த எதிர்வீட்டு மாக்சிக்கை (மலாய்க்கார அம்மாவை) அவர் மகன் காடியில் அழைத்துப்போக வந்தான், என்னையும் ஏற்றிக்கொண்டான். அவன் வரவில்லையென்றால் இந்தப் பதிவு இதைவிடக் காரமாக இருந்திருக்கும்.

அம்மாவுக்கு இதில் தனி வருத்தம். பால்மரம் வெட்டப் போன காலத்தில் விடியுமுன்னே இருட்டில் நடந்தவர். "தோட்டத்துல கடை, கோயில், பள்ளிக்கூடம், ஆயாக் கொட்டகை எல்லாம் நடக்குற தூரம்தான். இங்க ஒரு கிலோ வெங்காயத்துக்கு மருமகனைக் கேட்க வேண்டியிருக்கு" என்பார். இப்போது வெங்காயத்தை மூன்று கிலோவாக வாங்கிப்போட்டு, பாதி முளைத்துவிட்டது என்று திட்டுகிறார்.

ஆகவே தம்பி, உன் வீட்டுக்காரிக்குக் காடி ஓட்டத் தெரியாது, நீயோ வாரத்தில் நாலு நாள் ஜோகூரில். வாங்காதே. வீடு நல்ல வீடு, விலையும் நல்ல விலை, காற்றும் நல்ல காற்று. இருந்தாலும் வாங்காதே.

வேண்டாமென்று முடிவெடுத்தால் அந்த வீட்டை விற்கிறவர் நம்பரை எனக்கு அனுப்பு. என் தங்கச்சி பக்கத்திலேயே வரணும் என்று ரெண்டு வருடமாகக் கேட்கிறாள். அவள் மோட்டார் ஓட்டுவாள்.