பெயின்ட் அடித்த ஃபோர்க்கைக் கையில் வாங்காதீர்கள்

பழைய ஸ்டீல் சைக்கிளுக்குப் புதிதாக ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) செய்யக் கொடுக்கப் போகிறவர்கள் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். கோவையில் ஒரு பட்டறை, பெயர் வேண்டாம். "வெல்டிங் கிடையாது சார், சுத்தமா பித்தளை பிரேசிங்" என்று சொல்லி அட்வான்ஸ் வாங்கினார்கள். அதாவது இரும்பை உருக்காமல், பித்தளையை மட்டும் உருக்கி மூட்டுக்குள் இறக்கி ஒட்டுவது. பளபளவென்று கறுப்பு பெயின்ட்டோடு ஃபோர்க் வந்தது.

முதல் சந்தேகம் அடி ரேஸில், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங்கின் கீழ் வளையத்தில். ஒரு அங்குல ஸ்டியரரில் (ஃபிரேமுக்குள் போகும் ஃபோர்க்கின் மேல் குழாய்) ரேஸின் உள்விட்டம் 26.4 மி.மீ. என்றால், அது உட்காரும் இடத்தை லேத்தில் 26.5 வைத்துக் கடைய வேண்டும். அந்த 0.1 மி.மீ. இறுக்கத்துக்காகத்தான் ரேஸைக் குழாய் வைத்துத் தட்டி இறக்குவது. இதிலோ கையாலேயே வழுக்கிக்கொண்டு இறங்கியது. வெர்னியரில் 26.2. கேட்டதற்கு, "பஞ்ச் வெச்சு நாலு புள்ளி குத்திட்டா நிக்கும் சார்" என்று பதில். நிற்கும், கொஞ்ச நாளைக்கு. அப்புறம் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்பக்கம் ஆடும்.

சரி, இதிலேயே இப்படியென்றால் மற்றதெல்லாம் எப்படியோ என்று கிரவுன் (ஸ்டியரரும் ஃபோர்க்கின் இரண்டு கால்களும் சேரும் இடம்) ஓரத்தில் பெயின்ட்டைச் சுரண்டினேன். உள்ளே பட்டி! அதையும் எடுத்தால் கண்ணாடி மாதிரி உறைந்த ஃப்ளக்ஸ், பித்தளை நன்றாக ஒட்டுவதற்காகப் பூசும் பொருள். பித்தளை வெளியே ஒரு மாலையாக ஒட்டியிருந்ததே தவிர, உள்ளே இறங்கவே இல்லை. கிரவுனைக் கவிழ்த்துப் பார்த்தால் ஸ்டியரரைச் சுற்றிப் பித்தளைக் கோடு முழு வட்டமாகத் தெரிய வேண்டும். இதில் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தது. மீதி இடத்தில் பிளேடு நுனி நுழையும் அளவுக்குக் கறுப்பு இடுக்கு.

உருகிய பித்தளை சூடு இருக்கும் பக்கம்தான் ஓடும். கிரவுன் கனமானது, குழாய் மெல்லியது. கிரவுனைப் பொறுமையாகக் காய்ச்சாமல் குழாயை மட்டும் சிவக்க வைத்துக் கம்பியைத் தேய்த்தால் இப்படித்தான் ஆகும். ஓடும்போது இது விட்டால் மூஞ்சிதான் முதலில் தரையில் படும்.

அதனால் பெயின்ட்டுக்கு முன்னால், ஃப்ளக்ஸைக் கழுவிய பச்சை இரும்பாகக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அட்வான்ஸே கொடுக்காதீர்கள். சக்கரத்தையும் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால், சக்கரத்தைத் திருப்பி மாட்டுங்கள். அதே பக்கமே ஒதுங்கினால் கோணல் ஃபோர்க்கில்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "பெயின்ட்டைச் சுரண்டிட்டீங்களே, இனி யார் சார் வாங்குவா?" என்றார் முதலாளி. பாதிதான் வந்தது. ஃபோர்க்கை இரண்டாக அறுத்த பிறகே பழைய இரும்புக்குப் போட்டேன். முழுசாகக் கொடுத்தால் யாராவது மாட்டி ஓட்டிவிடுவார்கள்.